துப்பாக்கி லைசன்ஸ் இருந்தும் வேலையை விட்டுத் தூக்கினாங்களே, அது நியாயமா?

டல்லாஸ்காரன்: "கம்பெனி ரூலை மீறினா வேலை போகத்தான் செய்யும்"னு இந்தத் திரியில மேல ஒருத்தர் சாவகாசமா எழுதியிருக்கார். 2011, மிச்சிகன், வால்கிரீன்ஸ் மருந்துக்கடை. விடியக்காலை நாலரை மணி. முகமூடி போட்ட ரெண்டு பேர் துப்பாக்கியோட உள்ள வர்றாங்க. பார்மசிஸ்ட் போலீஸைக் கூப்பிட 911 அடிக்கப் பார்க்கிறார், முடியல. ஒருத்தன் கவுண்டரைத் தாண்டிக் குதிக்கிறான். அப்புறம்தான் பார்மசிஸ்ட் தன் துப்பாக்கியால சுட்டார். யாருக்கும் காயமில்ல. சில நாள்லயே வேலை போச்சு. அவர்கிட்ட லைசன்ஸ் இருந்தது சார்!

சட்டம்படிச்சவன்: லைசன்ஸ் கொடுத்தது மாநிலம், கடை அவங்களோடது. வேலை நேரத்துல துப்பாக்கி வேண்டாம்னு முதலாளி தடுக்கலாம்னு மிச்சிகன் சட்டமே சொல்லுது. 2014ல ஆறாவது சர்க்யூட்ங்கிற ஃபெடரல் அப்பீல் கோர்ட்டும் வால்கிரீன்ஸ் பக்கம்தான் தீர்ப்பு சொல்லிச்சு.

டல்லாஸ்காரன்: கோர்ட் சொல்லிட்டா நியாயமாயிடுமா? லைசன்ஸ் இருந்தது.

ஓஹாயோ அக்கா: தம்பி, 2009ல ஓக்லஹோமா சிட்டி மருந்துக்கடையில என்ன நடந்துச்சு? கொள்ளையடிக்க வந்து, தலையில குண்டு பட்டு விழுந்து கிடந்த 16 வயசுப் பையனை, அந்தக் கடை பார்மசிஸ்ட் இன்னொரு துப்பாக்கியை எடுத்துட்டு வந்து மறுபடி அஞ்சு தடவை சுட்டார். கொலைன்னுதான் ஜூரி சொன்னாங்க. எந்த முதலாளி பயப்பட மாட்டான்?

டல்லாஸ்காரன்: அது கொலை, இது தற்காப்பு. ரெண்டுக்கும் முடிச்சுப் போடறீங்களே! எச்1பி விசா பத்தின திரியிலயும் இதே வேலைதான் பண்ணீங்க.

ஓஹாயோ அக்கா: அந்தத் திரியில என்னைப் பேசின பேச்சுக்கு இன்னும் மன்னிப்புக் கேட்கல நீங்க. அதை முதல்ல கேளுங்க.

நைட்ஷிஃப்ட்: ராத்திரி பூரா பெட்ரோல் பங்க் கல்லாவுல நிக்கிறவன் நான். கேட்டதைக் கொடுத்துடுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. கொடுத்த பிறகும் சுட்டா? யூட்டாவுல வால்மார்ட் ஆளுங்க திருட வந்தவன் துப்பாக்கியைப் பிடுங்கினதுக்கே வேலை போச்சு. விலக வழியில்லாதப்ப உயிரைக் காப்பாத்திக்கிறதுக்காக ஒருத்தரைத் தூக்கக் கூடாதுன்னு 2015ல அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு.

டல்லாஸ்காரன்: கேட்டீங்களா வக்கீல் சார்?

சட்டம்படிச்சவன்: அந்த வால்மார்ட் ஆளுங்க துப்பாக்கி கொண்டு போகலையே! உங்க டெக்சாஸ்லயே 2011 சட்டம் பார்க்கிங்ல, பூட்டின காருக்குள்ள வைக்கத்தான் விடுது. கடைக்குள்ள இல்ல.

டல்லாஸ்காரன்: டெக்சாஸ் பத்தி எனக்கே பாடமா? பதினஞ்சு வருஷமா இங்க இருக்கேன்.

சட்டம்படிச்சவன்: இருந்தா சட்டம் தெரிஞ்சிடுமா?

டல்லாஸ்காரன்: அந்த வால்கிரீன்ஸ் கடையில முன்னாடியே ஒரு தடவை துப்பாக்கியோட வந்து கொள்ளையடிச்சிருக்காங்க. அதுக்கப்புறம்தான் அவர் லைசன்ஸே எடுத்தார். கம்பெனி பாதுகாப்பும் தராது, துப்பாக்கியும் வைக்க விடாதுன்னா அவர் என்ன பண்ணணும்? அதுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லாதீங்க.

ஓஹாயோ அக்கா: மன்னிப்பு?

டல்லாஸ்காரன்: லைசன்ஸ் இருந்தது அக்கா. முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க.