'நடத்தையில் சந்தேகம்' எப்படி 'கள்ளக்காதல்' ஆகிறது?

இரவுப்பணி:
பத்திரிகையில் செய்தி திருத்தும் டெஸ்க்கில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நேற்று ஒரு கொலைச் செய்தி, கணவர் மனைவியை வெட்டிவிட்டார். ஸ்டேஷனிலிருந்து வந்த வாட்ஸ்அப் குறிப்பில் 'நடத்தையில் சந்தேகம்' என்றுதான் இருந்தது, நானும் 'மனைவியைக் கொன்ற கணவர் கைது' என்று தலைப்பு வைத்துவிட்டுப் போனேன், காலையில் பேப்பரைப் பிரித்தால் 'கள்ளக்காதலால் விபரீதம்'! சீனியரிடம் கேட்டால் "எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க" என்கிறார். நான்தான் ரொம்ப யோசிக்கிறேனா?

பழைய நிருபர்:
இல்லை தம்பி. அந்தக் குறிப்பில் இருப்பது யார் சொன்ன கதை? கொன்றவர் சொன்னது. செத்தவள் எழுந்து வந்து மறுக்கவா போகிறாள்? போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டிலேயே சாட்சியமாக நிற்காது, நம்மிடம் மட்டும் தலைப்பாகிவிடுகிறது. தாலுகா நிருபராக இருந்தபோது நானும் இப்படி ஒன்றை அப்படியே அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார், கையில் சிஎஸ்ஆர் ரசீது, புகாருக்கு ஸ்டேஷனில் தருவது. புருஷன் அடிக்கிறான் என்று மகளிர் ஸ்டேஷனில் மகள் கொடுத்த புகார். ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும், போடவில்லை.

கடைசிப்பக்கம்:
சும்மா பேப்பர்காரனையே திட்டாதீர்கள். 'கள்ளக்காதல்' என்றால் ஏழு எழுத்தில் விஷயம் முடிகிறது, ஒற்றைப் பத்தி அகலத்தில் வேறென்ன வைப்பது? 'தகாத உறவு' என்றும் போட்டுப் பார்த்தாச்சு. அதே வாசகர், அதே கமெண்ட்.

மல்லிகா:
தகாதது என்று தீர்ப்பு சொன்னது யார், டெஸ்க்கா? பிறர் மனைவியுடன் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவையே உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. இன்னொன்றைக் கவனித்திருக்கிறீர்களா, செய்தியில் ஆண் எப்போதும் 'லாரி டிரைவர்', 'கொத்தனார்'. பெண் மட்டும் '2 குழந்தைகளின் தாய்'. டிரைவருக்கும் இரண்டு குழந்தைகள் இருக்கலாம், அதை யார் எண்ணினார்கள்? அப்புறம் இந்த எழுத்துக் கணக்கு. 'கற்பழிப்பு' என்று எழுதிக்கொண்டிருந்தவர்களே இப்போது 'பாலியல் வன்கொடுமை' என்கிறார்கள், அது எவ்வளவு நீளம், பத்தியில் இடம் கிடைத்ததா இல்லையா?

இரவுப்பணி:
நன்றி அண்ணே, நன்றிக்கா. இன்றைக்கும் ஒரு குறிப்பு வந்திருக்கிறது, அதே 'நடத்தையில் சந்தேகம்'. 'கணவர் போலீசிடம் கூறியதாகத் தெரிகிறது' என்று சேர்த்துவிட்டு, பெண் வீட்டார் நம்பரை ஸ்ட்ரிங்கரிடம் (அந்த ஊர்ப் பகுதிநேர நிருபரிடம்) கேட்டிருக்கிறேன். 11.30-க்குப் பக்கம் முடியணும். நம்பர் இன்னும் வரவில்லை.