மறுமொழி: உப்புநீர்த் தொட்டியில் ‘சைக்கிள்’: ‘உறையேற்றம்’, ‘உறைமுறிவு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். புது உப்புநீர் மீன்தொட்டியில், மீன் கழிவை மாற்றும் நுண்ணுயிர்களை வளர்த்தெடுப்பதை ஆங்கிலத்தில் ‘சைக்கிள்’ செய்வது என்கிறார்கள். அதற்கும், நன்றாக ஓடும் தொட்டியில் அந்த நுண்ணுயிர்கள் அழிந்துபோவதற்கும் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சுக்கான மறுமொழி இது.

போன வாரம் நான் முன்வைத்த ‘தொட்டி பழக்குதல்’ என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். புது மண்சட்டியைக் கழுநீர் ஊற்றிப் பழக்குகிறோமே, அதுபோலப் புதுத் தொட்டியையும் பழக்க வேண்டும் என்று நினைத்து எழுதினேன். எனக்கு ரொம்பப் பிடித்த சொல். ஆனால் மீன்கடை நடத்தும் அக்கா எழுதியிருப்பதுதான் சரி:

> கடையில் ‘மீனைப் பழக்கி விடுங்க’ என்று தினமும் சொல்கிறோம். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்ப்பதுதான் எங்களுக்குப் பழக்குவது. தொட்டிக்கும் அதே சொல் என்றால் வாங்குபவர்கள் குழம்புவார்கள்.

ஒரே சொல் இரண்டு வேலைக்கு நின்றால் என்ன ஆகும் என்பதை மூன்று மீன்களைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டவன் நான். ‘சைக்கிள்’ என்பதற்கு நேரான ‘சுழற்சி’ என்ற சொல்லை இந்தக் குழுவில் இவ்வளவு எதிர்ப்பதற்கும் அதுதான் காரணம்.

எங்கள் வீட்டுத் தொட்டி 200 லிட்டர். ஒரு ஜோடி கோமாளி மீன், மூன்று டாம்செல். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டியை) திறந்தேன். உள்ளே இருந்த பீங்கான் வளையங்கள் பழுப்பேறி, தொட்டால் வழவழவென்று இருந்தன. அழுக்கு என்று நினைத்துக் குழாயடியில் வைத்துத் தேய்த்தேன். வெள்ளை வெளேரென்று ஆனதும் முறத்தில் பரப்பி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, சாயங்காலம் திரும்பப் போட்டேன். செவ்வாய் இரவு மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. தெரிந்த ஒருவருக்கு வீடியோ அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “சுழற்சி உடைஞ்சிருக்கு, அதைப் பாருங்க.”

நான் அதை நீர்ச் சுழற்சி என்று எடுத்துக்கொண்டேன். பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்து, இன்னொரு பம்பையும் மாட்டி, தண்ணீர் சரியாகச் சுழல்கிறதா என்று ராத்திரி ஒரு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் சுழன்றது. காலையில் ஒரு கோமாளியும் இரண்டு டாம்செலும் அடியில் கிடந்தன. அப்புறம்தான் அம்மோனியா சோதனை செய்தேன். மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் கரும்பச்சையாக மாறியது. அந்த இரவே பாதித் தண்ணீரை மாற்றி, தீனியை நிறுத்தியிருந்தால் அவை பிழைத்திருக்கக்கூடும்.

அவர் சொன்னது நைட்ரஜன் சுழற்சியை. பாடநூலில் அது பொருத்தமான சொல்தான்; காற்று, மண், செடி, விலங்கு என்று உண்மையிலேயே சுற்றி வருகிறது. வீட்டுத் தொட்டியில் அப்படி முழுச் சுற்று நடப்பதில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நைட்ரைட்டாகிறது, நைட்ரைட் நைட்ரேட்டாகிறது, பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. நைட்ரேட்டை நாம்தான் தண்ணீர் மாற்றி வெளியேற்றுகிறோம். நாம் பெயர் தேடுவது சுற்றுக்கு அல்ல; அம்மோனியாவை இப்படி மாற்றும் நுண்ணுயிர்களின் படலம் தொட்டிக்குள் பிடித்து நிலைப்பதற்கு. நான் தேய்த்துக் கழுவிய வழவழப்புதான் அது.

அதனால் இப்போது நான் வைக்கும் சொல் ‘உறையேற்றம்’. உறை ஊற்றுதலில் வருகிற உறை. பாலில் நேற்றைய மோரை ஒரு கரண்டி விடுகிறோம். வெதுவெதுப்பான இடத்தில் அசைக்காமல் வைத்துக் காத்திருக்கிறோம். தொட்டியிலும் இதேதான். ஏற்கெனவே ஓடும் தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் கிடைத்தால் அதுவே உறை. இந்தியாவில் இது இன்னும் முக்கியம். பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவதுபோல் கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லை நுண்ணுயிரோடு அப்படியே தொட்டியில் வைக்க முடியாது. காய்ந்த கல், பீங்கான் வளையம், மணல் இவற்றில்தான் தொடங்குகிறோம். உறை இல்லாத பால்போலத்தான் அந்தத் தொட்டி.

ஒரு வித்தியாசம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பால் ஓர் இரவில் தயிராகிவிடும். தொட்டிக்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். இந்த நுண்ணுயிர்கள் மிக மெதுவாகப் பெருகுபவை.

> ‘பாக்டீரியா வளர்ப்பு’ என்று நேராகச் சொன்னால் எல்லோருக்கும் புரியுமே?

புரியும், ஐயா. ஆனால் முழு உண்மையாக இருக்காது. அம்மோனியாவை மாற்றும் வேலையைப் பாக்டீரியா மட்டும் செய்வதில்லை. ஆர்க்கியா என்ற தனி வகை உயிர்களும் செய்கின்றன. அப்படிப்பட்ட ஓர் ஆர்க்கியாவை முதன்முதலில் பிரித்து வளர்த்து 2005இல் வெளியிட்டார்கள். அது கிடைத்ததே சியாட்டில் மீன்காட்சியகத்தின் ஒரு கடல்நீர்த் தொட்டியில்தான். ‘உறை’ என்றால் எந்த உயிர் என்று கட்டிப்போடாது. நாளைக்கு இன்னொன்றைக் கண்டுபிடித்தாலும் சொல் நிற்கும்.

> உறை என்றால் பனியாக உறைவது, தலையணை உறை, கடித உறை, உறைகிணறு... ஏற்கெனவே நெரிசல்.

உண்மைதான். அதனால்தான் ‘உறைதல்’ வேண்டாம் என்கிறேன். ‘உறைநிலை’ பாடநூலில் வேறு பொருளில் ஊன்றிவிட்டது. ‘உறை போடுதல்’ என்றாலும் தலையணைதான் நினைவுக்கு வரும். ‘ஏற்றம்’ சேரும்போது அந்த இரண்டும் விலகுகின்றன. ‘தொட்டி உறையேறிடுச்சா?’ என்று வாயால் சொல்லிப் பாருங்கள், இயல்பாக வருகிறது. ‘உறையேறாத தொட்டியில் மீன் விடாதீர்கள்’ என்று பையின் மேலேயே அச்சடிக்கலாம்.

சரி, எட்டு மாதம் ஓடிய தொட்டி சட்டென்று சரிவதற்கு என்ன சொல்? ‘திடீர் மீன்சாவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது நடந்ததைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. மின்வெட்டில் ஆக்சிஜன் குறைந்தாலும் மீன் சாகும். உப்புநீரில் நன்னீரைவிட ஆக்சிஜன் குறைவாகவே கரையும். பக்கத்தில் கொசு மருந்து அடித்தாலும் சாகும். உடம்பில் தங்கத்தூள் தூவியதுபோல் தெரியும் வெல்வெட் நோயும் ஓரிரு நாளில் தொட்டியைக் காலி செய்யும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, அதனால் பெயரும் வேறாக இருக்க வேண்டும்.

நுண்ணுயிர்ப்படலம் அழிந்து அம்மோனியா ஏறுவதற்கு மட்டும் ‘உறைமுறிவு’ என்கிறேன். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஃபில்டரைக் கழுவுவது, வெயிலில் காயவைப்பது, செப்பு கலந்த மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றுவது, பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் மூடிய ஃபில்டருக்குள் மூச்சுமுட்டிப்போவது, எல்லாம் உறைமுறிவில் முடியக்கூடியவை. உப்புநீரில் இது இன்னும் கொடியது. பிஎச் (நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு) ஓர் அலகு கூடினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் கிட்டத்தட்ட 10 மடங்காகும். கடல்நீர்த் தொட்டி 8.2ஐ ஒட்டி நிற்பது. நன்னீர்த் தொட்டியில் 7இல் தாங்கக்கூடிய அளவு இங்கே கொன்றுவிடும்.

அன்றிரவு எனக்கு ‘உறை முறிஞ்சிருக்கு’ என்று பதில் வந்திருந்தால் பம்பைக் கழற்றியிருக்க மாட்டேன். பொருள் தெரியாவிட்டாலும் ‘எந்த உறை?’ என்று திருப்பிக் கேட்டிருப்பேன்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. உறைமோரை எங்கள் பக்கத்தில் சிலர் ‘பிரை’ என்பார்கள், ‘புரைகுத்துதல்’ என்றும் சொல்வதுண்டு. பழைய தொட்டியிலிருந்து எடுத்து வைக்கும் ஸ்பாஞ்சுக்கு மட்டும் ‘பிரை’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாமா, இல்லை ‘உறை’யே போதுமா? யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள் தயிருக்கு என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். அக்கா, ‘உறையேற்றம்’ என்ற சொல்லைக் கடையில் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்து, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்பதை அப்படியே இங்கே எழுதுவீர்களா?