நான்காம் கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் மட்டும் மிஸ்ஃபயர்: காயிலா, காற்றுக் கசிவா?

இரட்டை_இருக்கை:

என்னிடம் இருப்பது இரண்டு கதவுகளும் பின்சக்கர இயக்கமும் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். டர்போ பொருத்திய 2 லிட்டர், நான்கு சிலிண்டர், டைரக்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோல் இஞ்சின். பன்னிரண்டு ஆண்டுப் பழையது, 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நிதானமாக ஓட்டும்போது குறை எதுவும் தெரிவதில்லை. ஆனால் நான்காம் கியரில் 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஆக்ஸிலரேட்டரை முழுவதுமாக மிதித்தால், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதைப் போல வண்டி திக்குகிறது; அந்த நேரத்தில் செக் இஞ்சின் விளக்கும் விட்டு விட்டு எரிகிறது. காலைத் தளர்த்தினால் உடனே சரியாகிவிடுகிறது. நின்றிருக்கும்போது ஆர்பிஎம் முள் லேசாக ஏறி இறங்குவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஸ்கேனரில் பி0303, பி0171 என்ற இரண்டு கோடுகள் (பழுதைச் சுட்டும் குறியீட்டு எண்கள்) வந்தன. முதலாவது மூன்றாம் சிலிண்டர் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), இரண்டாவது கலவையில் பெட்ரோல் குறைவு என்று தெரிந்துகொண்டேன். ஒரு மாதத்துக்கு முன்புதான் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் நானே மாற்றினேன். கோடு வந்த பிறகு, உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரையும் புதிதாகப் போட்டேன். எந்த மாற்றமும் இல்லை. அடுத்ததாக, பிளக்குகளுக்கு உயர் வோல்டேஜ் தரும் நான்கு காயில்களையும் மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். சரியான முடிவா?

காயில்_மாற்றி:

முதலில் ஒரு எச்சரிக்கை. அந்த விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டு விட்டு எரிவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. விட்டு விட்டு எரிந்தால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சூடேற்றிச் சேதப்படுத்தும் அளவுக்கு மிஸ்ஃபயர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். ஆகவே சோதனை என்ற பெயரில் திரும்பத் திரும்ப முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

லோடில் (இஞ்சின் கடுமையாக உழைக்கும்போது) மட்டும் வரும் மிஸ்ஃபயர் என்றால் என் சந்தேகம் ஸ்பார்க் பக்கமே போகும். டர்போ பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறும்போது சிலிண்டருக்குள் காற்று அடர்த்தியாகிறது. அந்த அடர்த்தியில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்குக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படுகிறது. ஐட்லிங்கில் (வண்டி நிற்க, இஞ்சின் மட்டும் ஓடும்போது) எளிதாகத் தாண்டும் ஸ்பார்க், பூஸ்டில் தாண்ட முடியாமல் வேறு சுலபமான வழியைத் தேடிக்கொள்ளும். எனவே நான்கு காயில்களையும் வாங்குவதற்கு முன்னால், மூன்றாம் சிலிண்டரின் காயிலையும் ஒன்றாம் சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோடு பி0301 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. பி0303 என்றே நின்றால் காயில் நல்ல காயில். புதுப் பிளக்குகளின் இடைவெளியை அளந்தீர்களா என்றும் சொல்லுங்கள். டர்போ இஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது.

பழைய_பட்டறை:

மேலே நண்பர் சொன்னது சரி, ஆனால் பி0171 கோட்டை அவர் தொடவே இல்லை. லோடில் மட்டும் ஸ்பார்க் தடுமாறுவது, ஐட்லிங்கில் முள் ஏறி இறங்குவதை விளக்காது.

ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் எண்களைப் பாருங்கள்; கலவையைச் சரிசெய்யக் கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது (+), குறைக்கிறது (-) என்பதை அவை காட்டும். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கில் ஒரு முறையும், 2,500 ஆர்பிஎம்மில் நிலையாக வைத்து ஒரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கில் வராத காற்று எங்கேயாவது உள்ளே புகுந்தால் ஐட்லிங்கில்தான் அதன் பங்கு பெரிதாகத் தெரியும். ஆர்பிஎம் ஏற ஏற, முறையாக அளந்து உள்ளே வரும் காற்று பல மடங்கு கூடுவதால், அந்தச் சிறு கசிவு கணக்கில் கரைந்துவிடும். ஏர்ஃப்ளோ சென்சாரோ பெட்ரோல் பம்ப்போ பழுது என்றால் இது தலைகீழாக இருக்கும். லோடு கூடும்போதுதான் ட்ரிம் ஏறும். இந்த இரண்டு எண்களைப் பார்த்திருந்தால் அந்த சென்சாரை வாங்கியே இருக்க மாட்டீர்கள்.

இன்னொரு சோதனைக்குக் கருவியே தேவையில்லை. ஐட்லிங்கில் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். சாதாரணமாக லேசான உறிஞ்சல்தான் இருக்கும். மூடியைப் பிய்த்து எடுக்க வேண்டிய அளவுக்கு உள்ளே இழுத்தால் பிசிவி வால்வின் (இஞ்சினுக்குள் சேரும் வாயுவை மீண்டும் இன்டேக்குக்கு அனுப்பும் வால்வு) ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது என்று நினைக்கலாம்.

கார்பன்_படிவு:

டைரக்ட் இன்ஜெக்ஷன் என்கிறீர்கள். இந்த வகையில் பெட்ரோல் இன்டேக் வால்வின் மேல் படுவதே இல்லை. ஆகவே கழுவப்படாமல் கரி சேர்ந்துகொண்டே போகும். 1,10,000 கிலோமீட்டருக்கு வால்வுகள் கட்டாயம் கறுத்திருக்கும். இன்டேக் மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுப்பு) கழற்றிச் சுத்தம் செய்யலாமே?

பழைய_பட்டறை:

கரி இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோளாறு பெரும்பாலும் காலையில் குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பும்போதுதான் தலைகாட்டும், சூடானதும் அடங்கிவிடும். இவருக்கு நேர்மாறாக, சூடான இஞ்சினில் முழு லோடில் வருகிறது. ஒரு நாள் முழுவதும் பிடிக்கும் வேலையை அதற்கான அறிகுறி இல்லாமல் தொடங்க வேண்டாம்.

இரட்டை_இருக்கை:

மூன்று பேருக்கும் நன்றி. சோதித்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குக் குழப்பம் கூடித்தான் இருக்கிறது.

ஐட்லிங்கில் லாங் டெர்ம் ட்ரிம் (நீண்ட காலத் திருத்தம்) +19 சதவீதம், ஷார்ட் டெர்ம் (உடனடித் திருத்தம்) +5 சதவீதம். 2,500 ஆர்பிஎம்மில் இரண்டும் சேர்ந்தே +4 சதவீதம்தான். எண்ணெய் மூடியை இரண்டு கையாலும் இழுத்தே எடுக்க வேண்டியிருந்தது. இதுவரை டர்போவின் சத்தம் என்று நான் நினைத்திருந்த மெல்லிய விசில், மூடி கழன்ற அந்தக் கணமே நின்றுவிட்டது.

ஒன்றாம் காயிலையும் மூன்றாம் காயிலையும் இடம் மாற்றினேன். முதல் நாள் பி0303 அப்படியே வந்தது. மறுநாள் அதனுடன் பி0301ம் சேர்ந்து வந்தது! பிறகு மூன்றாம் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பிளக் உட்காரும் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக, பென்சிலால் கோடு கிழித்ததைப் போல மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடுகிறது. துணியால் துடைத்தாலும் போகவில்லை. இடைவெளி 0.7 மில்லிமீட்டர், கையேட்டில் உள்ள அளவுதான். இப்போது காயில் கெட்டதா, பிளக் கெட்டதா, அல்லது இரண்டுமா?

காயில்_மாற்றி:

அந்தக் கறுப்புக் கோடுதான் விடை. ஸ்பார்க் உள்ளே இடைவெளியைத் தாண்டாமல், பீங்கானின் வெளிப்புறமாக இறங்கி உலோக உடம்பில் பாய்ந்திருக்கிறது. அது போன தடம் கரியாகப் படிந்துவிட்டது. ஒரு முறை தடம் விழுந்துவிட்டால் அடுத்தடுத்த ஸ்பார்க்கும் அதே தடத்தில்தான் போகும். காயிலின் அடியில் உள்ள ரப்பர் உறையை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தால் உட்புறத்திலும் அதே கோடு இருக்கும். நீங்கள் காயிலை இடம் மாற்றியபோது தடம் விழுந்த உறையும் கூடவே ஒன்றாம் சிலிண்டருக்குப் போனது. தடம் விழுந்த பிளக் மூன்றாம் சிலிண்டரிலேயே இருந்தது. ஸ்கேனரில் பி0303, பி0301 இரண்டும் வந்ததற்கு அதுவே காரணம். சோதனையை நான் சொன்னபோது உறையைத் தனியாகப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும், தவறு என்னுடையது. காயில்கள் நன்றாக இருக்கின்றன. ஒன்றாம், மூன்றாம் பிளக்குகளையும் அவற்றின் உறைகளையும் மாற்றினால் போதும்.

பழைய_பட்டறை:

போதாது. குழிக்குள் எண்ணெய் எப்படி வந்தது என்று கேட்க வேண்டாமா?

வால்வு மூடியின் (இஞ்சினின் மேல்மூடி) கேஸ்கெட், அதாவது கசிவைத் தடுக்கும் பட்டை, பழசாகிக் கசிகிறது என்று சொல்லி, அதை மட்டும் மாற்றிவிட்டு வண்டியைக் கொடுப்பவர்கள் உண்டு. சில மாதங்களில் அதே குழியில் எண்ணெய் மறுபடியும் நிற்கும். இவர் வண்டியில் ஏற்கெனவே பிசிவி சவ்வு கிழிந்திருக்கிறது; அதன் வழியாக ஐட்லிங்கில் வெளிக்காற்று புகுவதால்தான் பி0171 வருகிறது, விசிலும் அதனால்தான். பல டர்போ இஞ்சின்களில் அதே பிசிவி அமைப்புக்குள் ஒரு வழி வால்வு ஒன்றும் இருக்கும். பூஸ்ட் ஏறும்போது இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் (எண்ணெய் இருக்கும் இஞ்சினின் அடிப்பகுதி) போகாமல் அது அடைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் பழுதானால் டர்போ தள்ளும் காற்று கிராங்க்கேஸுக்குள் இறங்கி, எண்ணெயை எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே வெளியே தள்ளும். பிளக் குழியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் முதலில் தோற்றிருக்கிறது. பி0303, பி0171 என்ற இரண்டு கோடுகளையும் தனித்தனிக் கோளாறுகளாக நானும்தான் முதலில் எண்ணினேன். மூலம் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கழற்றிய பிசிவி வால்வின் மேனிஃபோல்டு பக்கத்துக் குழாயில் வாயால் ஊதிப் பாருங்கள். காற்று உள்ளே போகவே கூடாது.

இரட்டை_இருக்கை:

ஊதினேன், தடையே இல்லாமல் போனது. சவ்விலும் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல் இருந்தது. முழு பிசிவி அமைப்பு, வால்வு மூடி கேஸ்கெட், குழி வளையங்கள், இரண்டு பிளக், இரண்டு உறை ஆகியவற்றை மாற்றி, பழைய ட்ரிம் மதிப்புகளை ஸ்கேனரில் அழித்தேன். 300 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஐட்லிங் ட்ரிம் +2 சதவீதம். நான்காம் கியரில் முழுவதுமாக மிதித்துப் பார்த்தேன். திக்கலும் இல்லை, விசிலும் இல்லை. வால்வு மூடியின் போல்ட்டுகளைக் கைக்கணக்கில்தான் முறுக்கினேன், பரவாயில்லையா?

பழைய_பட்டறை:

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக் மூடி என்றால் அதிகம் முறுக்கினாலே விரிசல் விட்டுவிடும். எல்லா போல்ட்டுகளையும் தளர்த்தி, நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு சுற்றாக, கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு டார்க் ரெஞ்சு வைத்து முறுக்குங்கள். ஒரு வாரம் கழித்து மூன்றாம் காயிலை மட்டும் தூக்கி, குழியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 வருகிறதா என்றும் கவனியுங்கள். வந்தால் அத்தனை நாள் மிஸ்ஃபயரில் கன்வர்ட்டர் அடி வாங்கியிருக்கிறது.