வான்கோவின் சிவப்புத் திராட்சைத் தோட்டம்: பருவத்துக்குச் சாட்சியா, கட்டுக்கதையா?

மோசல்கரை (நவம்பர் 9)

ஓராண்டாக ஒரே இடத்தில் முக்காலியை நிறுத்திப் படமெடுத்தவன் என்ற உரிமையில் ஒரு வம்பை இழுக்கிறேன்.

ஜெர்மனியில் மோசல் ஆறு ப்ரெம் என்ற ஊரருகே லாடம்போல வளைகிறது. வளைவுக்கு உள்ளே ஸ்டூபன் மடத்தின் இடிபாடு; எதிர்க்கரையில் கால்மோன்ட் சரிவு. 60 டிகிரிக்கும் மேலான சாய்வில் திராட்சை நட்டிருக்கிறார்கள். இடிபாட்டுக்கு அருகே ஒரு கல்லில் சுண்ணாம்புக் குறி வைத்து, மாதம் இருமுறை, அதே லென்ஸில் எடுத்தேன். ஜனவரியில் கறுத்த பலகைக் கல்லும் வெறும் கம்புகளும். மே மாதம் பச்சை கீறிவிட்டதுபோலத் தெரியும். அக்டோபர் கடைசியில் மலை முழுக்க மஞ்சள். மொத்தம் 24 படங்கள்.

வெளியிட்டதும் வந்த முதல் கேள்வி: "சிவப்பு எங்கே? வான்கோ ஓவியம்போல் இல்லையே?" அங்கே இருப்பது ரீஸ்லிங். வெள்ளைத் திராட்சையின் இலை மஞ்சளாகத்தான் பழுக்கும். எரிச்சலில் வான்கோவின் "சிவப்புத் திராட்சைத் தோட்டம்" ஓவியத்தை உட்கார்ந்து பார்த்தேன். பிரான்சின் ஆர்ல் நகரில் 1888 நவம்பரில் வரைந்தது. பெண்கள் குனிந்து பழம் வெட்டுகிறார்கள். இலைகளோ செக்கச்செவேல் என்று இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் அறுவடை செப்டம்பரில் தொடங்கி, நீண்டால் அக்டோபர் தொடக்கம்வரை போகும். இலை அவ்வளவு சிவப்பது அதற்குப் பிறகு. இரண்டு மாதங்களை ஒரே கித்தானில் ஒட்டிவிட்டார். இதையே நான் கணினியில் செய்து போட்டிக்கு அனுப்பினால் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள். பருவத்துக்குச் சாட்சி கேமராதான். ஓவியம் அழகான கட்டுக்கதை.

தூரிகைக்காரி (நவம்பர் 9)

குற்றப்பத்திரிகை நன்றாக இருக்கிறது, நண்பரே. ஆனால் குற்றவாளி எதையும் மறைக்கவில்லையே! ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன்னோடு தங்கியிருந்த ஓவியர் கோகனோடு மாலை நடை போனார். மழை விட்டு வெயில் சாய்கிற நேரம். தோட்டம் ஒயின்போலச் சிவந்திருந்ததையும் மண் ஊதாவாகத் தெரிந்ததையும் தம்பி தியோவுக்குக் கடிதமாகவே எழுதியிருக்கிறார். பிறகு வீட்டில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரைந்தார். நினைவிலிருந்து வரை என்று அவரை அரித்துக்கொண்டிருந்தவர் கோகன்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் "பச்சைத் திராட்சைத் தோட்டம்" வரைந்தார். அது நேரில் பார்த்து வரைந்தது. இப்போது நெதர்லாந்தில் க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இலை பச்சைதான். ஆக, எந்த மாதம் எந்த நிறம் என்று அவருக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும்.

கோகனும் அதே காட்சியை வரைந்தார். ஆர்ல் தோட்டத்தில், பிரான்சின் இன்னொரு மூலையான பிரிட்டனியின் நாட்டுப்புறப் பெண்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, துல்லியம் கெட்டால் கெடட்டும் என்ற பொருளில் நண்பருக்கு எழுதினார். வழக்கு போடுவதென்றால் அவர்மேல் போடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சிவப்புத் தோட்டத்தின் வலது ஓரத்தில் ஆறுபோல மின்னுகிறதே, அது மழைநீர் தேங்கிய வழி. அந்த ஈரத்தில் சூரியன் மஞ்சளாகக் கரைகிறது. மழை விட்ட பத்து நிமிடத்தை அதைப் பார்த்ததும் உடம்பு உணர்கிறது. உங்கள் 24 படங்களில் எதில் அது இருக்கிறது? எதிலாவது ஒரு மனிதர் இருக்கிறாரா?

பழையபிலிம் (நவம்பர் 10)

கேமராவை அரிச்சந்திரன் ஆக்குவதுதான் எனக்கு இடிக்கிறது. 1850களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்ற ஒளிப்படக்காரர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டைச் சேர்த்து அச்சிட்டார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். நாங்கள் 1990களில் வெல்வியா பிலிமைப் போட்டுக்கொண்டு இலையுதிர் காலத்தைத் தேடி அலைந்தோம். பச்சையும் சிவப்பும் அதில் இருக்கிறதைவிட ஒரு படி தூக்கலாகவே விழும், அதற்காகத்தான் வாங்கினோம். உங்கள் டிஜிட்டல் கேமராவில் ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சமன் செய்யும் அமைப்பை, தானியங்கியில் விட்டிருந்தால், மாலை வெயிலின் செம்மையைக் 'கோளாறு' என்று நினைத்து அதுவே வெளுத்துக் கொடுத்திருக்கும். எதில் வைத்து எடுத்தீர்கள்?

மோசல்கரை (நவம்பர் 10)

பகல் வெளிச்சத்துக்கான அளவில் நிலையாக வைத்தேன். 24 படத்துக்கும் அதே.

லெ கிரே செய்தது வேறு. அந்தக் கால ஒளிப்படத் தகடு நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கும். கடல் சரியாக விழுந்தால் வானம் வெள்ளைத் தாளாகிவிடும். அது கருவியின் ஊனத்துக்குக் கட்டிய கட்டு. வான்கோவின் கைக்கு என்ன ஊனம்? மனிதர் எங்கே என்கிறீர்கள். அவ்வளவு தொலைவில் ஒருவர் நின்றாலும் நாலு புள்ளிதான். நான் மலையை எடுக்கப் போனேன், அம்மா.

கம்பத்தான் (நவம்பர் 12)

ஓவியமும் தெரியாது, கேமராவும் தெரியாது. முப்பது வருடமாகப் பன்னீர் திராட்சை போடுகிறேன், அதனால் நுழைகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் கொடி மொத்தமாக இலை உதிர்த்து உறங்குகிற குளிர் கிடையாது. எங்களுக்குப் பருவம் என்பது கொடியை வெட்டிவிடுகிற கவாத்துக் கத்தரிதான். நான் கவாத்து செய்த நாளிலிருந்து என் பந்தலுக்குக் காலம் ஓடத் தொடங்கும். பக்கத்துப் பந்தலில் பழம் வெட்டுவார்கள், என்னுடையதில் கொடி மொட்டையாக நிற்கும், அடுத்ததில் பூ. சாலையில் நின்று பார்த்தால் மூன்று பருவமும் ஒரே பார்வையில் விழும். இரண்டு மாதத்தை ஒரே சட்டத்துக்குள் வைத்தது குற்றமென்றால், தம்பி, எங்கள் ஊரையே கூண்டில் ஏற்ற வேண்டும்.

இன்னொன்று. மகன் பிரான்சின் மோன்பெலியேயில் படித்தபோது அங்கே ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். செப்டம்பர் தொடக்கம். எல்லாம் பச்சையாக இருக்க, ஒரு வரிசை மட்டும் தகதகவென்று சிவந்து நின்றது. வந்திருந்தவர்கள் அதன்முன் நின்று படமெடுத்துத் தள்ளினார்கள். தோட்டக்காரர் வாயைத் திறக்கவில்லை. கிட்டே போய் இலையைத் திருப்பினேன். நரம்பு பச்சை, நரம்புக்கு நடுவே சிவப்பு, ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தது. இலைச்சுருள் நச்சுயிரி. அந்தக் கொடியில் பழம் ஒழுங்காகப் பழுக்காது, சர்க்கரை ஏறாது. அது பருவமே இல்லை, நோய். உங்கள் இருவரின் படத்திலும் இந்த வித்தியாசம் தெரியுமா? எட்ட நின்றால் எல்லாச் சிவப்பும் சிவப்புதான்.

தூரிகைக்காரி (நவம்பர் 12)

ஐயா, இதை முதலிலேயே வந்து சொல்லியிருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும். (மீதிப் பாதியை விடமாட்டேன்.)

கவாத்து என்றதும் நினைவுக்கு வருகிறது. 15ஆம் நூற்றாண்டில் பெர்ரி பிரபுவுக்காக லிம்பூர்க் சகோதரர்கள் தீட்டிய பிரார்த்தனை நூலில் மாதத்துக்கு ஒரு பக்கம் உண்டு. மார்ச் பக்கத்தில் கொடியைக் கவாத்து செய்கிறார்கள். செப்டம்பர் பக்கத்தில் சோமூர் கோட்டைக்குக் கீழே அறுவடை: குனிந்த முதுகுகள், கூடை சுமக்கும் கழுதைகள், மாட்டு வண்டியில் தொட்டிகள். அந்த செப்டம்பர் பக்கத்தின் கீழ்ப்பாதி கிட்டத்தட்ட எழுபது ஆண்டுக்குப் பிறகு ழான் கொலோம்ப் முடித்தது. மோசல்கரையின் சட்டப்படி, இரண்டு மாதத்தை ஒட்டியதற்கே தண்டனை என்றால் இதற்கு ஆயுள் தண்டனைதான்.

மோசல்கரை (நவம்பர் 13)

சிரித்துவிட்டேன், ஆனாலும் விடுவதாக இல்லை. பருவம் இன்று நகர்ந்துகொண்டிருக்கிறது. பிரான்சில் பர்கண்டியின் போன் நகரில் 1354இலிருந்து அறுவடை நாட்களைத் தொகுத்திருக்கிறார்கள். 1988க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முன்னால் வந்துவிட்டது. இங்கே ஜெர்மனியில் பனி ஒயினுக்குக் கொடியிலேயே பழம் உறைய வேண்டும், கழித்தல் 7 டிகிரி. 2019ஆம் ஆண்டுப் பழத்துக்கு அந்தக் குளிர் வரவே இல்லை. விட்டுவைத்த குலையெல்லாம் வீண். இப்படி ஒரு காலத்தில் நினைவிலிருந்து வரைந்தால் அந்த 13 நாள் எங்கே போகும்? தேதி போட்ட படம் வேண்டாமா?

பழையபிலிம் (நவம்பர் 13)

போன் நகரத்து 13 நாளைக் கண்டுபிடித்தது எந்தப் படத்தை வைத்து? அறுவடை ஆட்களுக்குக் கூலி கொடுத்த பழைய கணக்குப் புத்தகங்களை வைத்து. உங்கள் சாட்சிக் கூண்டில் கணக்குப்பிள்ளை நிற்கிறார், ஐயா. கேமராவையும் காணோம், தூரிகையையும் காணோம்.

மோசல்கரை (நவம்பர் 13)

இதற்கு உடனே பதில் இல்லை. யோசித்து வருகிறேன்.

மோசல்கரை (மார்ச் 16)

இழையைத் தூசி தட்டுகிறேன். போன வாரம் முக்காலியை வீட்டில் வைத்துவிட்டு ஆற்றைக் கடந்து சரிவில் ஏறினேன். பாதி தூரத்தில் மூச்சு வாங்கிவிட்டது. அங்கே ஒரு வயதான அம்மா கொடியை வளைத்துக் கம்பில் கட்டிக்கொண்டிருந்தார். அனுமதி கேட்டு அவர் கையை மட்டும் ஒரு முழ தூரத்திலிருந்து எடுத்தேன், படம் கீழே. கம்பத்து ஐயா, வெட்டிய நுனியில் ஒரு சொட்டு நிற்கிறதே, மழையா? அன்று தூறிக்கொண்டுதான் இருந்தது.

கம்பத்தான் (மார்ச் 16)

மழையாக இருந்தால் கொடி முழுக்கச் சொட்டியிருக்கும். உங்கள் படத்தில் வெட்டுவாயில் மட்டும்தான் இருக்கிறது. மண் சூடேறி வேர் விழித்தால் வெட்டிய இடத்தில் இப்படி நீர் கசியும். இனிக் கொடியின் கண், அதாவது மொட்டு, விரியும். இடப்பக்கக் கொடியைப் பாருங்கள், இதய வடிவில் வளைத்து நுனியைக் கீழே கட்டியிருக்கிறார். காய்ந்த நாளில் அப்படி வளைத்தால் முறிந்துவிடும். தூறல் பார்த்துத்தான் அந்த அம்மா வந்திருக்கிறார். கட்டைவிரல் நகத்தில் கறை எத்தனை வருடத்தது என்று கேட்டீர்களா?

தூரிகைக்காரி (மார்ச் 17)

இந்தப் படத்தைப் பார்த்து வரைய அனுமதி உண்டா? ஸ்வெட்டரின் சாம்பல் நிறத்தை மாற்றுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மோசல்கரை (மார்ச் 17)

ஸ்வெட்டரை மாற்றிக்கொள்ளுங்கள். அந்தச் சொட்டு இருக்கட்டும். இலை மட்டும் வைத்துவிடாதீர்கள், இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.