புதுப்பிப்பு: புதர்க்காட்டு வெள்ளை மலர் கிரைனம் அன்று
மழைக்குப் பின் எங்கள் ஊர்ப் புதர்க்காட்டில், வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து பூத்திருந்த ஆறிதழ் வெள்ளை மலரைக் கிரைனம் என்னும் தாவரப் பேரினத்தைச் சேர்ந்தது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன், அது தவறு. நேற்று கைவில்லையில் (சிறிய உருப்பெருக்கியில்) பார்த்தபோது, கிரைனத்தில் தனித்தனியே நிற்கும் மகரந்தத் தாள்கள் இதில் அடிப்பகுதியில் மெல்லிய வெண்சவ்வால் இணைந்து ஒரு கிண்ணமாகியிருப்பதும், அதன் விளிம்பில் தாள்களுக்கு இடையே கூரிய பற்கள் நீண்டிருப்பதும் தெளிவாகத் தெரிந்தன. ஆகவே இது பான்கிராசியம் என்னும் வேறொரு பேரினம் என்றே கருதுகிறேன். தோட்டங்களில் வளர்க்கும் ஹைமெனோகாலிசுக்கும் இத்தகைய கிண்ணம் உண்டு என்பதால் விதையையும் பார்த்தாக வேண்டும்: அதன் விதை பச்சையாகச் சதைப்பற்றுடன் பருத்திருக்கும், பான்கிராசிய விதையோ கறுத்துக் கோணலாக இருக்கும். படம் எடுப்போர் பக்கவாட்டிலும் ஒன்று எடுங்கள். சிற்றினத்தைப் பிரித்தறிய உதவும் இதழ்க்குழலின் (இதழ்கள் அடியில் இணைந்து உருவாகும் குழலின்) நீளம் மேலிருந்து எடுத்த படத்தில் மறைந்துவிடுகிறது.