தினை அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகிறது, நாளை மறுநாள் நோன்பு, யாராவது சொல்லுங்கள்

திருவொற்றியூர்_நிலா:
தினை மாவில் அதிரசத்துக்குப் பிசைந்து வைத்தேன். இன்று ஒன்று தட்டிப் போட்டால் உடனே நுரைத்துக்கொண்டு பிரிந்து, சட்டி அடியில் பொடியாகக் கிடக்கிறது. மூன்று தடவை ஆகிவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, போன வருடம் நோன்பு அதிரசத்தைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிவிட்டு அப்படியே தட்டில் வைத்துவிட்டார், அது மனதிலேயே நிற்கிறது. அதனால்தான் இந்தத் தடவை அவரும் சாப்பிடுகிற மாதிரி செய்ய நினைத்தேன். கேதார கௌரி நோன்புக்கு 21 வைக்க வேண்டும். அவசரம்.

கொருக்குப்பேட்டை_அடுப்படி:
எவ்வளவு மாவுக்கு எவ்வளவு வெல்லம்? மாவு வீட்டில் அரைத்ததா, கடை மாவா? பாகை என்ன பதத்தில் இறக்கினீர்கள்? இது எதுவும் தெரியாமல் என்ன சொல்வது, நிலா?

காசிமேடு_அண்ணன்:
வெல்லம்தான் காரணம். பளிச்சென்று மஞ்சளாக இருந்ததா? அது ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம் போட்டு வெளுத்த வெல்லம், பாகு ஒழுங்காக நிற்காது. கருத்து இருக்கும் பாகு வெல்லம் என்று கேட்டு வாங்க வேண்டும். கொத்தவால்சாவடிப் பக்கம் போங்கள், காய்கறிச் சந்தைதான் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனது, மளிகைக் கடைகள் இன்னும் அங்கே இருக்கின்றன.

வியாசர்பாடி_மாடிவீடு:
எனக்கென்னவோ மழைதான் என்று தோன்றுகிறது. ஐப்பசியில் நம் பக்கம் கடல் காற்றும் சேர்ந்து உப்பு டப்பாவே கசிகிறது, மாவு ஈரம் இழுக்காமல் இருக்குமா? நான் மழை நாளில் அதிரசத்துக்கு மாவு கிளறுவதே இல்லை.

ராயபுரம்_மூத்தவர்:
இதே கேள்விக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் பதில் எழுதுகிறேன், பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. அதிரசம் என்றால் பச்சரிசி. பாகுப் பதம் கை பழகாதவர்கள் முதலில் பாகு வைத்துச் செய்யும் ரவா லட்டு செய்து பழகலாம். மழையாம், ஹைட்ரோஸாம். அந்தப் பெண் என்ன செய்தாள் என்பதை முதலில் அவள் சொல்லட்டும்.

காசிமேடு_அண்ணன்:
ஐயா, பெரியவர் என்பதால் சும்மா இருக்கிறேன். வெல்லக் கலப்படம் சாதாரண விஷயம் இல்லை.

திருவொற்றியூர்_நிலா:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். கடை பாக்கெட் தினை மாவு அரைக் கிலோ, வெல்லம் 150 கிராம். பாகு வைக்கவில்லை, வெல்லம் கரைந்து ஒரு கொதி வந்ததும் வடிகட்டி ஊற்றிப் பிசைந்தேன். நேற்று இரவு பிசைந்தது. ஒன்றை ஏர் ஃபிரையரிலும் வைத்துப் பார்த்தேன், கல் மாதிரி ஆகிவிட்டது.

ராயபுரம்_மூத்தவர்:
பாகே வைக்கவில்லையா! இதைச் சொல்ல இவ்வளவு நேரமா? பாகு இல்லாமல் பிசைந்தது அதிரச மாவே இல்லை.

பெரம்பூர்_ரயிலடி:
வெல்லத்தைக் குறைத்தது நல்லதுதானே, ஏன் அவரைத் திட்டுகிறீர்கள்? நாட்டுச்சர்க்கரைக்கு மாறியிருந்தால் குறைக்கவே வேண்டியிருக்காது, அது சர்க்கரை நோய்க்கு ஒன்றும் செய்யாது. எங்கள் வீட்டில் எல்லாரும் மாறிவிட்டோம்.

தண்டையார்பேட்டை_செவிலி:
தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். கொஞ்சம் இரும்பும் தாது உப்பும் இருப்பதால் ரத்தத்தில் ஏறுவது நின்றுவிடாது. தினையும் அப்படித்தான், நார்ச்சத்து அரிசியை விடக் கூடுதல், ஆனால் 100 கிராமில் 60 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. நாட்டுச்சர்க்கரை ஒன்றும் செய்யாது என்று நம்பி இரண்டு கை அள்ளிச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களை வார்டில் பார்க்கிறேன், மனசு கேட்காமல்தான் சொல்கிறேன்.

பெரம்பூர்_ரயிலடி:
அப்படியானால் நம் பாட்டன் பூட்டன் எல்லாம் வெல்லம் தின்று நன்றாக இருந்தது எப்படி?

தண்டையார்பேட்டை_செவிலி:
வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் அதிரசம் தின்றார்கள், நாள் முழுக்க உடம்பால் உழைத்தார்கள். அளவுதான் விஷயம்.

கொருக்குப்பேட்டை_அடுப்படி:
நிலா, அவர்கள் பேசட்டும், நீங்கள் இதைப் பாருங்கள். பாக்கெட் மாவு காய்ந்த மாவு. அதிரசத்துக்கு ஈர மாவு வேண்டும், அது சூடான பாகை உறிஞ்சி அரை வேக்காடு வெந்தால்தான் ஒட்டும். உங்களுடையதில் பாகும் இல்லை, வெல்லமும் பாதிக்குக் கீழே, அப்புறம் எது பிடித்து நிறுத்தும்?

புதிதாகச் செய்யுங்கள், இன்னும் நேரம் இருக்கிறது. தினை பாதி, பச்சரிசி பாதி, மொத்தம் 250 கிராம் எடுத்து இரண்டு மணி நேரம் ஊற வையுங்கள். வடித்துத் துணியில் பரப்பி மின்விசிறிக் காற்றில் விட்டால் போதும், வெயில் வேண்டாம், அதனால் மழையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கையில் ஒட்டாமல், ஆனால் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். அப்போதே மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். 175 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சுங்கள், தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் திரண்டு, விரலில் மெத்தென்று உருள வேண்டும். அந்த நொடியே இறக்கி மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். சுக்கு, ஏலக்காய். கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும், மேலே நெய் தடவி மூடி வையுங்கள், ஒரு ராத்திரியில் இறுகிவிடும். மிதமான தீயில் சுட்டு, எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழியுங்கள். முதலில் ஒன்றே ஒன்று. பிரிந்தால் கொஞ்சம் ஈர அரிசி மாவு சேருங்கள்.

சின்னதாகத் தட்டினால் 21 வரும், ஒன்றில் 8 கிராம் வெல்லம்தான். வெல்லத்தைப் பாதியாக்குவதை விட அதிரசத்தைச் சின்னதாக்குவது மேல். அந்தப் பழைய மாவைக் கொட்டாதீர்கள், கனிந்த வாழைப்பழம் பிசைந்து, தண்ணீர் தெளித்துக் குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றுங்கள்.

ராயபுரம்_மூத்தவர்:
பதம் சரியாகச் சொல்லியிருக்கிறார். தினை சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஆனால் பதம் சரி.

தண்டையார்பேட்டை_செவிலி:
அப்பாவுக்கு ஒன்று போதும் நிலா, அதையும் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். அன்றைக்குச் சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும், மாத்திரையை மட்டும் விட வேண்டாம்.

திருவொற்றியூர்_நிலா:
21 வந்தது. ஒன்று மட்டும் ஓரம் உடைந்தது. அப்பா பாதி சாப்பிட்டார், மீதியைச் சாயங்காலத்துக்கு எடுத்து வைத்திருக்கிறார். பணியாரம் தம்பிக்குப் பிடித்தது. நன்றி அக்கா, எல்லாருக்கும் நன்றி.

காசிமேடு_அண்ணன்:
சந்தோஷம்மா. இரண்டாவது தடவை வெல்லம் எந்த நிறத்தில் வாங்கினாய், அதைச் சொல்லவில்லையே?