ஜாவலினை எறிந்தால் ரேஜ் சேருமா? உங்கள் மேசையில் என்ன நடந்தது?

பாலத்துப் பார்பேரியன்

ஒரே ஒரு ஜாவலினால் (எறி ஈட்டி) போன வாரம் எங்கள் ஆட்டம் முக்கால் மணி நேரம் நின்றுபோனது. பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். என் ஐந்தாம் லெவல் பார்பேரியன் (முரட்டு வீரன்) ரேஜில், அதாவது வெறியேறிய நிலையில், இருக்கிறான். பாலத்துக்கு அந்தப் பக்கம், 25 அடி தள்ளி, அடிபட்ட ஓகர் (அரக்கன்) ஒன்று. நடுவில் பலகை போயிருந்ததால் ஓடிப்போய் வெட்டவும் வழியில்லை. "கோடரியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு ஜாவலின் எறிகிறேன்" என்றேன்.

டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) மூன்று இடத்தில் கை வைத்தார். கோடரியைப் போடுவது இலவசம், சரி. ஆனால் ஒரு டர்னில் ஒரு பொருளைத்தான் இலவசமாக எடுக்கலாம். ஆக ஒரு ஜாவலினை உருவலாம், இரண்டாவது முதுகிலேயே இருக்கும். எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரு டர்னில் இரண்டு முறை தாக்கும் திறன்) இருந்தும் வெறுங்கை. அடுத்து ரெக்லெஸ் அட்டாக் (தற்காப்பை மறந்து தாக்குவது) கிடையாது, அது மெலி (கிட்ட நின்று அடிக்கும்) அட்டாக்குக்கு மட்டும். கடைசியாக, ரேஜின் +2 டேமேஜும் (சேதம்) கிடையாது, அதுவும் மெலிக்குத்தான்.

பகடையில் 5 விழுந்தது, ஸ்ட்ரெங்த் 4, மொத்தம் 9. ஓகருக்கு மிச்சம் இருந்தது 10 ஹெச்பி (உயிர்ப்புள்ளி) என்று அப்புறம்தான் சொன்னார். அந்த ஒற்றை ஹெச்பியோடு அது பாலத்தைத் தாண்டிக் குதித்து வந்து என்னை வெளுத்தது. ரேஜில் இருந்ததால் அடி பாதியானது, அந்த மட்டில் தப்பித்தேன். எதிரியைத் தாக்கியதால் ரேஜ் அணையாமல் இருக்க மட்டும் அந்த எறிதல் உதவியது.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

திரைக்குப் பின்னால்

உங்கள் டிஎம் சொன்ன மூன்றும் சரி. நானும் டிஎம்தான், ஆனால் இதே விஷயத்தில் மாதக்கணக்கில் தப்பாக நடத்தியவன்.

என் மேசையில் ஒரு ஃபைட்டர் (போர்வீரன்), ஆர்ச்சரி ஸ்டைல் (குறிக்கு +2 தரும் சண்டைப் பாணி), இடுப்பு முழுக்க டாகர் (குத்துவாள்). எறியும்போதெல்லாம் +2 சேர்த்துக்கொண்டே வந்தார். ஒருநாள் வேறு ஏதோ தேடப் போய் அந்த வரியைப் படித்தேன்: ரேஞ்ச்ட் (தூரத்திலிருந்து தாக்கும்) *ஆயுதத்தால்* செய்யும் அட்டாக்குக்குத்தான் அந்த +2. டாகர் மெலி ஆயுதம். கையை விட்டுப் பறக்கும்போது அட்டாக்தான் ரேஞ்ச்ட் ஆகிறது, ஆயுதம் தன் சாதியை மாற்றிக்கொள்வதில்லை. எறி ஆயுதச் சண்டைகளில் முக்கால்வாசி இந்த ஒரு வித்தியாசத்தில்தான் கிளம்புகிறது.

வேடிக்கை என்னவென்றால், டார்ட் மட்டும் ரேஞ்ச்ட் ஆயுதப் பட்டியலில் இருக்கிறது. டாகருக்குள்ள அதே 1டி4 டேமேஜ் (ஒரு நான்குமுகப் பகடை), அதே 20/60 அடி எறிதூரம், அதே ஃபினெஸ் (ஸ்ட்ரெங்த்துக்குப் பதில் டெக்ஸ்டெரிட்டியைக் கூட்டலாம்). அதற்கு ஆர்ச்சரி பொருந்தும். ஷார்ப்ஷூட்டர் திறனின் -5/+10 (குறிக்கு -5, டேமேஜுக்கு +10) கூடப் பொருந்தும். நம் ஃபைட்டரிடம் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "வீரன் யாராவது டார்ட் எறிவானா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடைசியில் 2020-இல் வந்த துணை நூலில் இருக்கும் எறி ஆயுத ஸ்டைலுக்கு மாற்றிக்கொடுத்தேன்: டேமேஜுக்கு +2, எறிகிற அட்டாக்கிலேயே ஆயுதத்தை உருவிக்கொள்ளலாம். பாலத்துப் பார்பேரியனுக்கு இல்லாமல் போனது இதுதான், ஆனால் அவர் வகுப்புக்கு ஸ்டைலே கிடையாதே!

நிழலில் நிற்பவள்

நான் ரோக் (மறைந்து தாக்குபவள்). டாகரை எறிந்து ஸ்னீக் அட்டாக் (சமயம் பார்த்து அடித்துக் கூடுதல் டேமேஜ் பெறுவது) செய்வதில் எனக்குப் பிரச்சினையே வந்ததில்லை. ஃபினெஸ் ஆயுதம், எறிந்தாலும் ஃபினெஸ்தான். ஹேண்ட்ஆக்ஸில் (கைக்கோடரி) அது கிடையாது என்று தெரியாமல் ஒரு முழு அமர்வு விளையாடியது வேறு கதை.

என் அவமானம் இது. பக்கத்தில் ஒரு கோப்ளின் நிற்க, தூரத்தில் இருந்த மந்திரவாதி மேல் டாகரை வீசினேன். ஐந்தடிக்குள் எதிரி இருந்தால் ரேஞ்ச்ட் அட்டாக்குக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது), அது வந்தால் ஸ்னீக் அட்டாக்கும் போச்சு. பக்கத்துக் கோப்ளினைக் குத்தியிருந்தாலாவது ஏதாவது நடந்திருக்கும்.

தண்ணீருக்கடியில் ஒருமுறை பெரிய வாதம். அங்கே ரேஞ்ச்ட் அட்டாக்குக்கு டிஸ்அட்வான்டேஜ், ஆனால் ஜாவலின் மாதிரி எறியும் ஆயுதத்துக்கு விலக்கு உண்டு; ஈட்டி, டிரைடென்ட், டார்ட் பெயர்களும் அங்கே இருக்கின்றன. டாகர் பெயர் இல்லை. "மாதிரி" என்ற ஒரு சொல்லை வைத்து அரைமணி நேரம் வாதாடித் தோற்றேன். டாகரால் குத்தினால் மட்டும் டிஸ்அட்வான்டேஜ் இல்லையாம். சுறாவிடம் நீந்திப் போய்க் குத்தினேன், வேறென்ன செய்வது.

பழைய பகடை

நீங்கள் எல்லாம் கொடுத்துவைத்தவர்கள். பழைய 3.5 பதிப்பில் குறி பார்க்க டெக்ஸ்டெரிட்டி, டேமேஜுக்கு ஸ்ட்ரெங்த். டாகருக்குப் பத்தடி ஒரு படி, முதல் படியைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் -2, ஐந்து படிக்கு மேல் எறியவே முடியாது. அந்தப் பழக்கத்தில் ஐந்தாம் பதிப்புக்கு வந்து ஹேண்ட்ஆக்ஸுக்கும் ஸ்ட்ரெங்த்துக்குப் பதில் டெக்ஸ்டெரிட்டியையே கூட்டிக்கொண்டிருந்தேன். டெக்ஸ் குறைந்த ஆள் வேறு. எத்தனை முறை குறி தவறியது என்று எண்ணிப்பார்க்க மனசு வரவில்லை.

நிழலில் நிற்பவள்

@பாலத்துப் பார்பேரியன், 2024 விதிகளுக்கு மாறிவிடுங்கள். எறி ஆயுதம் எதையும் அந்த அட்டாக்கோடு சேர்த்தே உருவலாம். ரேஜ் டேமேஜும் ரெக்லெஸும் ஸ்ட்ரெங்த் அட்டாக் எல்லாவற்றுக்கும் உண்டு. உங்கள் ஓகர் பாலத்தைத் தாண்டியே இருக்காது.

பாலத்துப் பார்பேரியன்

இதை அப்படியே டிஎம்முக்கு அனுப்பினேன். உருவுகிற விதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், ரேஜ் பற்றி இந்தக் கதை முடிந்ததும் பேசலாம் என்கிறார். எனக்கு அதுவே போதும். கூடவே இன்னொன்றும் கேட்டார்: எறிந்த ஜாவலினைத் திரும்ப எடுத்தாயா என்று. எடுக்கவில்லை. அது ஓகரின் தோளிலேயே இருந்தது, கடைசி அடியில் ஓகர் பள்ளத்துக்குள் போய்விட்டது. என் தாளில் இன்னும் நான்கு என்றே எழுதியிருக்கிறது, அழிக்க வேண்டும்.